மூன்று சரிவுகளும் ஒரு ரசமட்டமும்

என் அக்கா மகன் ஓசூரில் வேலை செய்கிறான். சில மாதங்களுக்கு முன்பு ஒரு மலை சைக்கிள் வாங்கினான். ஓசூரில் அவன் தங்கியிருக்கும் அறை இரண்டாவது மாடியில் இருப்பதால், வண்டியைக் கிருஷ்ணகிரியில் எங்கள் வீட்டுத் தாழ்வாரத்தில் கொண்டுவந்து நிறுத்திவிட்டான். "மாமா, எனக்கு ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் ஓய்வு. எந்தச் சரிவில் ஓட்டிப் பழகலாம் என்று நீங்களே சொல்லுங்கள்" என்றான். நான் வாயைத் திறப்பதற்குள், "வத்தல்மலைக்கே போய்விடலாமா?" என்று பதிலையும் அவனே சொன்னான்.

இந்தப் பக்கத்தில் சைக்கிள் வாங்கும் எவருக்கும் முதலில் நினைவுக்கு வருவது வத்தல்மலைதான். ஆனால் அவன் முன்னால் உண்மையில் மூன்று வழிகள் இருந்தன. ஒன்று, தருமபுரியிலிருந்து வத்தல்மலைக்கு ஏறும் தார்ச்சாலை. இரண்டு, கிருஷ்ணகிரி அணையை ஒட்டிய கால்வாய்க் கரைகளும் மாந்தோப்புகளுக்கு நடுவே ஓடும் வண்டித்தடங்களும். மூன்று, எங்கள் ஊரைச் சுற்றி எங்கு திரும்பினாலும் கண்ணில் படும் கரடுகள் என்னும் பாறைக் குன்றுகளின் அடிவாரம். நான்காவதாகத் தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் ஒரு வழி உண்டு. அதை ஏன் தள்ளினேன் என்பதைப் பிறகு சொல்கிறேன்.

நான் கட்டட வேலை பார்க்கிறவன். சரிவு என்றால் எனக்குக் கண்ணை விட, மட்டம் பார்க்கும் கருவியான ரசமட்டத்தில்தான் நம்பிக்கை. ஒரு மீட்டர் நீளச் சட்டத்தின் மேல் ரசமட்டத்தை வைத்து, சட்டத்தின் ஒரு முனையை மேட்டுப் பக்கத் தரையில் ஊன்றி, மறுமுனையைக் குமிழ் நடுவில் நிற்கும்வரை தூக்க வேண்டும். தூக்கிய முனைக்கும் தரைக்கும் இடையே எத்தனை சென்டிமீட்டரோ, அத்தனை சதவீதம் சரிவு. மருத்துவமனைகளில் சக்கர நாற்காலிக்காகக் கட்டும் சாய்தளம் பன்னிரண்டுக்கு ஒன்று, அதாவது 8 சதவீதத்துக்குச் சற்று மேல். வீட்டு வாசலில் மோட்டார் சைக்கிள் ஏற்றுவதற்குக் கட்டும் சாய்தளம் பெரும்பாலும் 20-ஐத் தாண்டிவிடும். இந்த இரண்டையும் மனத்தில் வைத்துக்கொண்டால் கீழே வரும் எண்கள் எளிதில் பிடிபடும்.

மருமகனை ஒரு கரட்டடிக்கு அழைத்துப் போய், எதிரே ஏறும் தடத்தைக் காட்டி, "எத்தனை டிகிரி இருக்கும்?" என்று கேட்டேன். "நாற்பத்தைந்து" என்றான், சிறிதும் தயங்காமல். சட்டத்தை வைத்துப் பார்த்தால் 16 சென்டிமீட்டர். டிகிரிக் கணக்கில் அது வெறும் 9. நாற்பத்தைந்து டிகிரி என்றால் நூறு சதவீதம், ஓட்டுக் கூரையின் சரிவை விடச் செங்குத்து. அங்கே சைக்கிள் என்ன, ஆடே யோசித்துத்தான் ஏறும்.

அவனைக் குறை சொல்வதற்கில்லை. மனிதக் கண்ணுக்கே இந்தக் கோளாறு உண்டு. வர்ஜீனியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டென்னிஸ் பிராஃபிட்டும் அவருடைய சகாக்களும் 1995இல் வெளியிட்ட ஆய்வில், குன்றின் அடியில் நின்று பார்த்தவர்கள் 5 டிகிரிச் சரிவை ஏறத்தாழ 20 என்றும், 10 டிகிரியை 30 என்றும் மதிப்பிட்டார்கள். அதே ஆட்களிடம் ஒரு பலகையின் மேல் உள்ளங்கையை வைத்து, பார்க்காமலே அதைக் குன்றின் அளவுக்குச் சாய்க்கச் சொன்னபோது, விடை உண்மைக்கு வெகு அருகில் வந்தது. கண் மிகைப்படுத்துகிறது, கை அவ்வளவாகப் பொய் சொல்வதில்லை. களைத்தவனுக்கும் பை சுமப்பவனுக்கும் மேடு இன்னும் செங்குத்தாகத் தெரியும் என்று அந்தக் குழு பின்னர் சொன்னதை மறுத்தவர்களும் இருக்கிறார்கள். அந்தச் சண்டைக்குள் நான் போகவில்லை. பகல் பதினொரு மணி வெயிலில் எல்லா மேடும் செங்குத்துதான்.

இனி வத்தல்மலை. ஆயிரம் மீட்டர் உயரத்தை ஒட்டிய ஊர், காப்பியும் மிளகும் சாமையும் விளைகிற இடம், அடிவாரத்து வெக்கையிலிருந்து ஏறியவனுக்கு மேலே வீசும் காற்றே ஒரு பரிசு. இருபதுக்கும் மேற்பட்ட கொண்டை ஊசி வளைவுகள். மலைச் சாலைகளுக்கு இந்தியச் சாலைக் காங்கிரஸ் என்ற பொறியாளர் அமைப்பு விதிக்கும் சரிவு பொதுவாக 5 முதல் 6 சதவீதம், வேறு வழியில்லாத இடத்தில் 8 வரை. மலைக்கிராமங்களுக்குப் போடும் சாலைகள் இந்த வரம்புக்குள் அடங்கி நிற்பதில்லை என்பது ஏறிப் பார்த்த முழங்காலுக்குத் தெரியும்.

தார்ச்சாலை ஏற்றம் எப்படி இருக்கும் என்றால், வட்டிக்கடன் மாதிரி இருக்கும். ஒரு நாளும் பெரிதாக வலிக்காது, ஒரு நாளும் விடாது. மண் தடத்தில் ஒரு மேட்டுக்கு அடுத்து ஒரு பள்ளம் வந்து மூச்சு வாங்க இடம் கொடுக்கும். இங்கே அது கிடையாது. கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஆளும் வண்டியுமாக 80 கிலோ, சரிவு 10 சதவீதம். மலிவு விலை கியர் சைக்கிள்களில் முன் பல்சக்கரத்தில் 24 பல், பின் பல்சக்கரத்தில் 28 பல் இருப்பதே மிகக் குறைந்த கியர். நிமிடத்துக்கு 60 முறை மிதித்தால் வேகம் மணிக்கு 7 கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. அதற்கே 160 வாட் போலத் தேவைப்படும். பழகாத உடம்பு ஒரு மணி நேரம் தொடர்ந்து தரக்கூடியது 100 முதல் 150 வாட். ஆகவே மிதி மெதுவாகும். மெதுவானால் சமநிலை போகும், சமநிலை போனால் கால் தரையில். முன்னால் 22, பின்னால் 34 உள்ள வண்டியிலோ, முன்னால் ஒரே பல்சக்கரத்தோடு இப்போது வரும், முன்னால் 32, பின்னால் 50 உள்ள வண்டியிலோ, அதே 60 மிதிக்கு 120 வாட் போதும். இரண்டு ஏற்பாடுகளின் விகிதமும் கிட்டத்தட்ட ஒன்றுதான் என்பதைக் கடைக்காரர்கள் சொல்வதில்லை. எனக்கு முதல் வண்டியை விற்றவர், "இருபத்தொரு கியர் சார், எந்த மலையும் ஏறும்" என்றார். ஐந்தாவது வளைவில் சாலையோரக் கல்லில் உட்கார்ந்துகொண்டு அந்த இருபத்தொன்றையும் ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்தேன்.

கொண்டை ஊசி வளைவில் ஒரு சூட்சுமம் உண்டு. வளைவின் உள்விளிம்பும் வெளிவிளிம்பும் ஏறுவது ஒரே உயரம்தான்; ஆனால் உள்விளிம்பின் நீளம் குறைவு. ஆகவே உள்ளே செங்குத்து, வெளியே சரிவு குறைவு. நாம் இடப்புறம் ஓட்டுகிறவர்கள். ஏறும்போது வலப்பக்கம் திரும்பும் வளைவில் வெளிவிளிம்பு கிடைக்கும், நிம்மதி. இடப்பக்கம் திரும்பும் வளைவில் உள்விளிம்பில் மாட்டிக்கொள்வோம். அந்த வளைவுகளுக்கு முன்னாலேயே கியரைக் குறைத்துவிட வேண்டும். நடு வளைவில் மாற்றினால் சங்கிலி கடகடவென்று அலறும், சில சமயம் கழன்றும் விழும்.

இறக்கம்தான் எனக்கு அதிக அச்சம். 80 கிலோ எடை 500 மீட்டர் உயரத்திலிருந்து இறங்கும்போது வெளிப்படும் ஆற்றலால் ஒரு லிட்டருக்கு மேல் தண்ணீரைக் கொதிக்க வைக்கலாம். காற்று கொஞ்சத்தை வாங்கிக்கொள்ளும். மீதி முழுவதும் பிரேக்கில்தான் இறங்குகிறது. இந்த விளையாட்டின் ஆரம்பக் கதையே இதுதான். 1976இல் கலிபோர்னியாவின் மரின் பகுதியில் சில இளைஞர்கள் பழைய கனத்த சைக்கிள்களில் ஒரு மலைத்தடத்தில் இறங்கிப் பந்தயம் வைத்தார்கள். பெடலைப் பின்னோக்கி மிதித்தால் பிடிக்கும் பிரேக். ஒரு தடவை இறங்கியதும் சக்கரக் குடத்துக்குள் இருந்த கிரீஸ் புகைந்து போய்விடும். மறுபடி கிரீஸ் அடைத்தால்தான் அடுத்த ஓட்டம். அதனாலேயே அந்தத் தடத்துக்கு 'மறுபடி அடை' என்று பொருள்படும் ரீபேக் என்ற பெயர் வந்தது. நம் வண்டிகளில் டிஸ்க் பிரேக் இருந்தாலும், பிடியை விடாமல் அழுத்திக்கொண்டே வந்தால் இதே கதிதான். அழுத்தி வேகத்தைக் குறை, விடு, ஆற விடு, மறுபடி அழுத்து. எதிரே சரக்கு ஏற்றிய வேன் வருகிற சாலையில் ஒரு புதியவன் இதைப் பழகுவது எனக்குச் சரியாகப் படவில்லை. தொப்பூர்க் கணவாயைப் பற்றி யாராவது பேச்செடுத்தால் நான் எழுந்து போய்விடுவேன். லாரிகளே பிரேக் பிடிக்காமல் உருளும் நெடுஞ்சாலையில் சைக்கிளுக்கு என்ன வேலை?

இரண்டாவது வழி இதற்கு நேர் எதிர். தென்பெண்ணையின் குறுக்கே 1950களில் கட்டிய கிருஷ்ணகிரி அணையிலிருந்து இடப்புறமும் வலப்புறமும் கால்வாய்கள் பிரிகின்றன. அந்தக் கரைகளிலும், அவற்றிலிருந்து கிளைக்கும் தோப்புத் தடங்களிலும் சரிவு என்று சொல்ல ஒன்றுமில்லை. இரண்டு மூன்று சதவீதம். நடுநடுவே ஓடை வெட்டிய இடங்களில் பத்துப் பதினைந்து மீட்டருக்குத் திடீரென்று 12 சதவீத மேடு. கேட்க அலுப்பாக இருந்தாலும், வேகம் உயரமாக மாறுவதை உடம்புக்குச் சொல்லித்தருவது இந்தக் குட்டி மேடுகள்தான். மணிக்கு 20 கிலோமீட்டரில் வந்தால், மிதிக்காமலே ஏறத்தாழ ஒன்றரை மீட்டர் உயரம் ஏறிவிடலாம். பத்தில் வந்தால் 40 சென்டிமீட்டர்கூட ஏறாது. வேகம் பாதியானால் ஏறும் உயரம் கால்வாசி. பள்ளத்தில் பயந்து பிரேக் பிடிக்கிறவன் அந்த ஒன்றரை மீட்டரைத் தூக்கி எறிந்துவிட்டு, பிறகு அதையே தொடையால் சம்பாதிக்கிறான். இதை நான் மருமகனுக்கு எத்தனை முறை சொல்லியும் மண்டையில் ஏறவில்லை. ஒரே ஓடையில் ஆறு தடவை இறங்கி ஏறியதும் தானாகவே பிரேக்கை விட்டுவிட்டான்.

தொல்லைகள் உண்டு. டிராக்டர் சக்கரம் பதிந்து இறுகிய தடத்துக்குள் முன்சக்கரம் மாட்டிக்கொண்டால் ஹேண்டில்பாரைத் திருப்பிப் பயனில்லை, வண்டி தடம் போகிற போக்கில்தான் போகும். மாங்காய்ப் பருவத்தில் கூடை ஏற்றிய வண்டிகள் வரும். காவல் நாய்களுக்கும் அப்போது கடமை உணர்ச்சி அதிகம். தோட்டக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போவது மரியாதை. கேட்டால் மறுத்தவர் இதுவரை ஒருவரும் இல்லை. செந்தூரா இரண்டு கையில் கொடுத்தனுப்பியவர்கள்தான் உண்டு.

இனிக் கரடு. எங்கள் பக்கத்துக் கரடுகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: யாரோ கொட்டிவிட்டு மறந்துபோன குவியல் போலப் பாறை உருண்டைகள், நடுவே உண்ணிச்செடி, அடியில் சீமைக் கருவேலம். அடிவாரத்தைச் சுற்றி ஆடு மேய்ப்பவர்களின் ஒற்றையடிப் பாதை. நான் போகும் பாதை ஒரு வேடியப்பன் கோயிலில் தொடங்குகிறது. கோயில் என்றால் கட்டடமில்லை. வேப்ப மரத்தடியில் ஒரு நடுகல். வாளோடு நிற்கும் அந்த வீரன் எந்தச் சண்டையில் விழுந்தானோ, ஊர்க்காரர்களுக்கு அவன் வேடியப்பன். தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டங்களிலும் இப்படிப்பட்ட கற்கள் வயலோரம், காட்டோரம் எங்கும் நிற்கின்றன. அவனுக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டுத்தான் மிதிக்கத் தொடங்குவேன்.

அந்தப் பாதையின் நீளம் ஒன்றரைக் கிலோமீட்டர் இருக்கும். அதற்குள் நான்கு வகைத் தரை. முதலில் இறுகிய செம்மண், சரிவு 7. ஏறுவதற்கு இதைப் போல் சுகம் வேறில்லை. அடுத்து சரளை, சரிவு 9 தான், ஆனால் இங்கேதான் முக்கால்வாசிப் பேர் இறங்கிவிடுகிறார்கள். எழுந்து நின்று மிதித்தால் எடை பின்சக்கரத்தை விட்டு முன்னுக்கு வந்துவிடும். சக்கரம் சரளையை வாரி வீசிவிட்டு நின்ற இடத்திலேயே சுற்றும். உட்கார்ந்தே மிதிக்க வேண்டும், சீட்டின் மூக்குக்கு நகர்ந்து, முழங்கையைத் தாழ்த்தி, நெஞ்சை ஹேண்டில்பாருக்கு அருகில் கொண்டுபோய். அதிகம் பின்னால் சாய்ந்தால் முன்சக்கரம் தூக்கும். முன்னும் பின்னும் இல்லாத அந்த நடு இடம் ஒரு சாண்கூட இருக்காது. மிதியும் ஒரே சீராக இருக்க வேண்டும், கிணற்றில் நீர் இறைப்பது போல. உதறி மிதித்தால் ஒவ்வொரு உதறலுக்கும் சக்கரம் நழுவும்.

மூன்றாவது பாறைத் தளம். 20 சதவீதம். பார்த்தாலே வயிறு கலங்கும். ஆனால் காய்ந்த கருங்கல்லின் சொரசொரப்பு டயரைப் பல்லால் கடிப்பது போலப் பிடித்துக்கொள்கிறது. 9 சதவீதச் சரளையில் இறங்கித் தள்ளியவன் 20 சதவீதப் பாறையில் ஏறிப்போவதை நானே பலமுறை பார்த்திருக்கிறேன். சதவீதத்தைக் கேட்டுச் சரிவைத் தேர்ந்தெடுக்காதே, மண்ணைக் கேள் என்று மருமகனிடம் சொன்னது இதை வைத்துத்தான். அதே பாறை மழைக்குப் பிறகு வேறு ஆள். கருத்த பாசி படிந்த இடம் வெயிலில் தெரியாது, ஈரத்தில் சோப்பு. இரண்டு வருடத்துக்கு முன்பு ஐப்பசி மாதத்தில் அங்கே விழுந்து இடது மணிக்கட்டில் ஆறு வாரம் மாவுக்கட்டோடு திரிந்தேன். மேலிருந்து பார்க்கும்போது அந்தப் பாறை ஒரு கிணறு போலத் தெரியும். ஏறி வந்த பாறைதானா இது என்ற சந்தேகம் வரும். இறங்க வேண்டுமானால் சீட்டைத் தாழ்த்தி, பெடல்கள் இரண்டையும் ஒரே மட்டத்தில் வைத்து நின்று, இடுப்பைப் பின்னுக்குத் தள்ளி, கண்ணைச் சக்கரத்தின் மேல் வைக்காமல் பாறை முடியும் இடத்தில் வைக்க வேண்டும். பிரேக்குக்கு ஒரு விரல் போதும். முன் பிரேக்கைத் தொடவே பயப்படுகிறவர்கள் பின்சக்கரத்தை இழுத்துக்கொண்டே இறங்கி, கடைசியில் பக்கவாட்டில் விழுகிறார்கள். இறக்கத்தில் எடை முன்னுக்கு வருவதால் உண்மையான பிடி முன்னால்தான் இருக்கிறது. அதை மெல்லப் பிடிக்க வேண்டும், அவ்வளவே.

நான்காவது, மழைநீர் அரித்த கீறல்கள் நிறைந்த துண்டு. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

கரட்டுக்கும் குறைகள் உண்டு. முதல் குறை முள். நெருஞ்சி போதாதென்று சீமைக் கருவேலம். டியூப் போட்ட டயரில் ஒரு காலைக்குள் மூன்று பஞ்சர் பார்த்திருக்கிறேன். டியூப் இல்லாத டயரில் அடைப்புத் திரவம் ஊற்றிய பிறகு அந்தத் தொல்லை பெரும்பாலும் ஒழிந்தது; ஆனால் எங்கள் வெயிலுக்குத் திரவம் இரண்டு மூன்று மாதத்தில் காய்ந்துவிடும், மறக்காமல் ஊற்ற வேண்டும். இரண்டாவது, பழைய கல் குவாரிக் குழிகள். செடி மூடிய விளிம்புகள் சில இடங்களில் உண்டு. ஆகவே புதுப் பாதையை முதல் முறை நடந்துதான் பார்க்க வேண்டும். மூன்றாவது, எல்லாக் கரடும் புறம்போக்கு அல்ல. சில காப்புக்காடு, வனத்துறையின் அனுமதி இல்லாமல் நுழையக்கூடாது. ஆடுகள் போகிற பாதையெல்லாம் நமக்கும் உரியது என்று நினைத்துவிடக்கூடாது.

தளி, தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி வழியைத் தள்ளியதற்குக் காரணம் யானை. ராகி அறுவடைக் காலத்தில் பன்னேர்கட்டா பக்கமிருந்து கூட்டம் கூட்டமாக அவை இறங்கி வருவது ஆண்டுதோறும் நடப்பது. அங்கே பெரும்பரப்பு 2014இல் அறிவிக்கப்பட்ட காவிரி வடக்கு வனவிலங்கு சரணாலயத்துக்குள் வருகிறது. அனுமதியின்றி நுழைவது குற்றம் என்பது ஒருபுறம். மறுபுறம், மோட்டார் சைக்கிள் வருவது யானைக்குக் கேட்கும். சைக்கிள் வருவது கேட்காது. திருப்பத்தில் இருவரும் ஒரே நேரத்தில் திடுக்கிடுவோம், திடுக்கிட்ட பிறகு இருவருக்கும் கிடைக்கும் வாய்ப்புகள் சமமல்ல. தளியின் மேடுபள்ளமும் குளிர்ந்த காற்றும் அருமை. தார்ச்சாலையில், நன்றாக விடிந்த பிறகு, ஊர்க்காரர்களிடம் கேட்டுக்கொண்டு போவதானால் போகலாம்.

ஆக, என் தீர்ப்பு இது. முதல் நான்கு ஞாயிறும் கால்வாய்க் கரை. பிரேக்கை விடப் பழகும் வரை வேறெங்கும் வேண்டாம். பிறகு கரடு, மூன்று மாதம். ஒன்றரைக் கிலோமீட்டர்தானே என்று நினைக்க வேண்டாம். ஒரே பாதையைக் காலையில் ஐந்து முறை ஏறி இறங்கும்போதுதான் நேற்று விழுந்த இடத்தில் இன்று ஏன் விழவில்லை என்பது விளங்குகிறது. வத்தல்மலையில் ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரே ஏற்றம், ஒரே இறக்கம். தவறு செய்த வளைவுக்குத் திரும்பிப் போக யாருக்கும் மனம் வருவதில்லை. அதனால் அது கடைசி. ஐம்பது வயதைத் தாண்டி, விழுந்து எலும்பு முறிந்தால் ஒட்டாது என்று அஞ்சுகிறவர்களுக்கோ, மூச்சுக்கும் இதயத்துக்கும் மட்டும் பயிற்சி வேண்டுபவர்களுக்கோ வரிசை தலைகீழாக இருக்கலாம்: அவர்களுக்குக் கரடே வேண்டாம், நல்ல கியரும் நல்ல பிரேக்கும் உள்ள வண்டியில் தார்ச்சாலையே மேல்.

காலம் பார்த்தும் மாற்றிக்கொள்ளலாம். மழை ஓய்ந்த மார்கழியிலும் தையிலும் செம்மண் இறுகிக் கிடக்கும், கரட்டுக்கு அதுவே நாள். பங்குனி, சித்திரையில் மேல்மண் மாவாகிவிடும், பிடி இருக்காது. மழை பெய்த மறுநாள் செம்மண் டயரில் அப்பிச் சக்கரமே சுற்றாது. அன்று வீட்டில் சங்கிலிக்கு எண்ணெய் போடலாம்.

வண்டியைப் பற்றியும் கேட்டான். முன்னால் மட்டும் சஸ்பென்ஷன் உள்ளதே இங்கே போதும். பின்னாலும் உள்ளதற்குக் கொடுக்கும் பணத்தில் நல்ல டயரும் நல்ல பிரேக்கும் வாங்கலாம். காற்றை மோட்டார் சைக்கிள் கடையில் கல் போல அடிக்க விடாதே என்று மட்டும் சேர்த்துச் சொன்னேன். டியூப் உள்ள அகலமான டயருக்கு 30 முதல் 35 பிஎஸ்ஐ, டியூப் இல்லாததற்கு 22 முதல் 28.

மருமகன் முழுமனத்தோடு ஒப்புக்கொள்ளவில்லை. "நான்கு ஞாயிறு கால்வாய்க் கரையா மாமா? நண்பர்களிடம் என்னவென்று சொல்வது?" என்றான். சரி, நீ ஒரு முறை வத்தல்மலை ஏறிவிட்டு வா, பிறகு பேசலாம் என்றேன். ஏறினான். எட்டாவது வளைவில் நின்று எடுத்த படத்தை அனுப்பினான். ஒன்பதாவதிலிருந்து படம் எதுவும் வரவில்லை. அடுத்த ஞாயிறு காலை ஐந்தே முக்காலுக்குத் தாழ்வாரத்தில் வண்டிக்குக் காற்று அடித்துக்கொண்டிருந்தான்.

இப்போது வேடியப்பனைத் தாண்டிச் செம்மண், சரளை, பாறை மூன்றையும் கால் ஊன்றாமல் கடந்துவிடுகிறான். அதற்கு அப்பால் அந்த நான்காவது துண்டு. நீளம் முப்பது மீட்டர்தான். குறுக்கும் நெடுக்குமாக மழைக் கீறல், மேலே உதிரிக் கல், ரசமட்டம் 17 காட்டுகிறது. போன ஞாயிறு அவன் அதில் பாதிவரை போய்க் கவிழ்ந்தான். நான் ஆறு வருடமாக அந்த இடத்தில் இறங்கித் தள்ளிக்கொண்டுதான் போகிறேன்.